அயனி என்னும் சொல்லும் பெங்களூர் வானமும்

பஞ்சாங்கத்தில் உத்தராயணம், தட்சிணாயனம் என்ற சொற்கள் உள்ளன. வேதியியல் பாடநூலில் அயனி என்ற சொல் உள்ளது. அயனம், அயனி ஆகிய இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும் எவருக்கும், இவை உறவுடையனவோ என்ற ஐயம் எழுவது இயல்பு. உறவு உண்டு, ஆனால் தாய்க்கும் மகளுக்கும் உள்ள உறவன்று. ஒருவரையொருவர் அறியாமல் வெவ்வேறு நாடுகளில் வளர்ந்த இரு தூரத்துச் சகோதரிகளின் உறவு போன்றது அது.

வடமொழி 'அயனம்', 'செல்' என்று பொருள்படும் 'இ' என்ற வினையடியிலிருந்து பிறந்தது. கிரேக்கத்தில் அதே பொருளுடைய வினையின் எச்சவடிவம் 'இயோன்'; 'போய்க்கொண்டிருப்பது' என்பது அதன் பொருள். இவ்விரு வினைகளும் இந்தோ-ஐரோப்பிய மொழிக்குடும்பத்தின் ஒரே வேரிலிருந்து வந்தவை. கிரேக்கச் சொல் ஆங்கிலத்தின் வழியாகத் தமிழுக்கு வந்து 'அயனி' ஆயிற்று. அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே வடமொழிச் சொல் தமிழுக்கு வந்து 'அயனம்' ஆகியிருந்தது. இரண்டுமே தமிழுக்குக் கடன்சொற்கள். ஒன்றிலிருந்து மற்றொன்று பிறக்கவில்லை. இதைத் திட்டவட்டமாகக் கூற முடிவதற்குக் காரணம், 'அயனி'யின் மூலச்சொல் பிறந்த ஆண்டும் இடமும் கடிதங்களில் பதிவாகியிருப்பதே. உலகில் மிகச் சில சொற்களுக்கே இத்தகைய பிறப்புச் சான்று உண்டு.

1834-ஆம் ஆண்டு இலண்டனில் மைக்கேல் ஃபாரடே, உப்புக் கரைசல்களில் மின்னோட்டத்தைச் செலுத்தி ஆராய்ந்துகொண்டிருந்தார். கரைசலில் அமிழ்ந்த இரு உலோகத் தகடுகளில் வெவ்வேறு பொருள்கள் வந்து சேர்ந்தன. அக்காலத்தில் அத்தகடுகளை 'துருவங்கள்' என்று அழைத்தனர். காந்தத்தின் துருவம் இரும்பை ஈர்ப்பது போலத் தகடுகளும் பொருள்களை ஈர்க்கின்றன என்ற கருத்து அச்சொல்லுக்குள் மறைந்திருந்தது. அந்தக் கருத்து தவறு என்பது ஃபாரடேயின் முடிவு. தவறான கோட்பாட்டைச் சுமந்த சொல்லைப் பயன்படுத்தினால், படிப்பவரின் சிந்தனையும் அத்தவறான வழியிலேயே செல்லும் என அவர் அஞ்சினார்.

முதலில் விட்லாக் நிக்கோல் என்ற மருத்துவ நண்பரிடமும், பின்னர் கேம்பிரிட்ஜ் அறிஞர் வில்லியம் ஹியூவெலிடமும் அவர் சொல் கேட்டார். ஆங்கிலத்தில் அறிவியலாளரைக் குறிக்கும் 'சயன்டிஸ்ட்' என்ற சொல்லை உருவாக்கியவரும் இதே ஹியூவெல்தான். ஏப்ரல், மே மாதங்களில் நடந்த கடிதப் போக்குவரத்தில் ஆனோடு, கேத்தோடு, ஆனயன், கேட்டயன், அயன் ஆகிய ஐந்து சொற்களும் வடிவம் பெற்றன. ஆனோடு என்றால் மேலேறும் வழி. கேத்தோடு என்றால் கீழிறங்கும் வழி. எதன் ஏற்றம், எதன் இறக்கம் என்றால், ஞாயிற்றினுடையது. புவியின் காந்தத்தன்மை கிழக்கிலிருந்து மேற்கே ஓடும் மின்னோட்டங்களால் விளைவதாகக் கற்பனை செய்துகொண்டால், மின்னோட்டம் உள்ளே நுழையும் பக்கம் ஞாயிறு எழும் கிழக்கு. வெளியேறும் பக்கம் அது மறையும் மேற்கு. மின்சாரம் உண்மையில் எத்திசையில் ஓடுகிறது என்று பின்னாளில் எது நிறுவப்பட்டாலும், ஞாயிற்றின் பாதையை ஆதாரமாகக் கொண்ட இச்சொற்கள் பொய்யாகா என்பதே ஃபாரடேயின் கணக்கு. இரு தகடுகளையும் நோக்கிச் செல்லும் பொருளுக்கு 'போவது' என்று மட்டும் பெயரிட்டதும் அதே எச்சரிக்கையினால்தான். அது எது, ஏன் போகிறது என்பதைப் பற்றி அச்சொல் வாய் திறப்பதில்லை.

அந்த எச்சரிக்கை வீண்போகவில்லை. மின்னோட்டமே பொருளைப் பிளந்து அயனிகளை உண்டாக்குகிறது என ஃபாரடே கருதினார். 1884-ஆம் ஆண்டு ஸ்வீடனின் அரேனியஸ் தம் முனைவர் பட்ட ஆய்வேட்டில் முன்வைத்து, 1887-இல் முழுமைப்படுத்திய கருத்து இதற்கு மாறானது: உப்பு நீரில் கரையும்போதே, மின்னோட்டம் ஏதுமின்றியே, மின்னூட்டம் பெற்ற துகள்களாகப் பிரிந்துவிடுகிறது. உப்சாலா பல்கலைக்கழகம் அவ்வாய்வேட்டுக்கு மிகக் குறைந்த தரத்தையே அளித்தது. 1903-இல் அதே கருத்துக்காக அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஃபாரடேயின் விளக்கம் வீழ்ந்தது. ஃபாரடேயின் சொல் வீழவில்லை.

இந்த வரலாறு இந்தியாவுக்குள் நுழையும் வாயில்களில் ஒன்று ஞான சந்திர கோஷ். கல்கத்தாவில் பிரபுல்ல சந்திர ராயின் மாணவராக இருந்த கோஷ், 1918-இல், தம் 24-ஆவது வயதில், வலிமையான மின்பகுளிகளைப் பற்றி ஒரு கோட்பாட்டை வெளியிட்டார். சமையலுப்பு போன்ற பொருள்களின் கரைசல்கள் அரேனியஸின் கணக்குக்கு இணங்காமல் முரண்டுபிடித்துக்கொண்டிருந்தன. உப்பில் ஒரு பகுதியே அயனிகளாகப் பிரிகிறது என்பது அரேனியஸின் கருத்து. முழுவதும் பிரிந்துவிடுகிறது என்றார் கோஷ். இக்கருத்தை டென்மார்க்கின் பியெரும் போன்றோர் முன்னரே எழுப்பியிருந்தனர். கோஷின் புதுமை அடுத்த படியில் இருந்தது: பிரிந்த அயனிகள் கரைசலிலும், படிகத்தில் நிற்பதைப் போல ஓர் ஒழுங்கில் நிற்கின்றன, அந்த ஒழுங்கின் ஈர்ப்பை மீறும் ஆற்றலுடைய அயனிகளே மின்சாரத்தைக் கடத்துகின்றன என்றார்.

ஐந்தே ஆண்டுகளில், 1923-இல், டிபையும் ஹியூக்கலும் இதைக் கடந்து சென்றனர். அவர்களது கட்டுரை கோஷின் அணுகுமுறையை எடுத்து விவாதித்து மறுத்தது. கரைசலில் படிக ஒழுங்கு இல்லை. ஒவ்வோர் அயனியையும் சுற்றி எதிர் மின்னூட்டம் சராசரியாகச் சற்று மிகுந்திருக்கும் ஒரு மங்கலான சூழல் மட்டுமே உண்டு. அச்சூழலுக்கு அவர்கள் வைத்த பெயர் 'அயனி வளிமண்டலம்'. கோஷின் படிக ஒழுங்கு பாடநூல்களிலிருந்து மறைந்தது. முழுப் பிரிகை என்ற அடித்தளம் நிலைத்தது.

அந்தக் கோஷ்தான் 1939-இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநராகப் பொறுப்பேற்றார். 1948 வரை அப்பொறுப்பில் இருந்தார். அவரது நிர்வாகத்தின் முதல் ஆறு ஆண்டுகளில், அக்கழகத்தின் இயற்பியல் துறை வேறு வகை அயனிகளை எண்ணத் தொடங்கியது. அவை கரைசலில் இருப்பவை அல்ல, காற்றில் இருப்பவை.

காற்றிலும் அயனிகள் உண்டு என்பது மெதுவாகத் தெரியவந்த உண்மை. மின்னூட்டிய உலோகப் பொருளை எவ்வளவு கவனமாகக் காப்பிட்டு வைத்தாலும் அதன் மின்னூட்டம் சிறிது சிறிதாகக் கசிந்துவிடுவதை 18-ஆம் நூற்றாண்டிலேயே கூலும் கவனித்திருந்தார். 1900-ஆம் ஆண்டையொட்டி ஜெர்மனியின் எல்ஸ்டரும் கைட்டலும், இங்கிலாந்தில் சி.டி.ஆர். வில்சனும் அதன் காரணத்தைக் கண்டனர். காற்றின் மூலக்கூறுகளிலிருந்து ஏதோ ஒன்று ஓயாமல் எலக்ட்ரான்களைப் பறித்துக்கொண்டிருக்கிறது; அதனால் நேர்மின் அயனிகளும் எதிர்மின் அயனிகளும் இணை இணையாக உண்டாகின்றன; அவை மின்னூட்டத்தை எடுத்துச் செல்கின்றன. மண்ணிலும் பாறையிலும் உள்ள கதிரியக்கப் பொருள்களே காரணம் என்றால், மேலே செல்லச் செல்ல அயனிகள் குறைய வேண்டும். 1912 ஆகஸ்ட் 7 அன்று ஆஸ்திரியாவின் விக்டர் ஹெஸ், வாயுக்கூண்டில் அமர்ந்து 5,000 மீட்டருக்கும் மேல் ஏறினார். அவர் கொண்டுசென்ற கருவிகள், மேலே காற்று மேலும் விரைவாக அயனியாவதைக் காட்டின. அயனிகளை உண்டாக்கும் ஒன்று புவிக்கு வெளியிலிருந்து வருகிறது என்பது அதன் பொருள். 1925-இல் அமெரிக்காவின் ராபர்ட் மில்லிகன் அதற்குக் 'காஸ்மிக் கதிர்' என்று பெயரிட்டார். இதுவே தமிழில் அண்டக்கதிர்.

மில்லிகன் வைத்த பெயர் நிலைத்தது. அவர் கொடுத்த விளக்கம் நிலைக்கவில்லை. அக்கதிர்கள் ஒளியைப் போன்றவை, மின்னூட்டமற்றவை என்று அவர் நீண்ட காலம் வாதிட்டார். ஒளி காந்தத்தால் வளையாது. ஆனால் 1927-இல் டச்சு அறிஞர் கிளே, ஜாவாவுக்கும் நெதர்லாந்துக்கும் இடையிலான கப்பல் பயணத்தில், நிலநடுக்கோட்டுப் பகுதியில் கதிர்களின் செறிவு குறைவதைக் கண்டார். 1932-ஐ ஒட்டி ஆர்தர் காம்ப்டன் பல நாடுகளில் நடத்திய அளவீடுகள் அதை உறுதிசெய்தன. புவியின் காந்தப்புலம் கதிர்களை வளைத்துத் திருப்பியனுப்புகிறது. ஆகவே அவற்றுள் பெரும்பகுதி மின்னூட்டமுடைய துகள்களே.

இந்தக் கட்டத்தில் தென்னிந்தியாவின் இருப்பிடம் திடீரென முக்கியத்துவம் பெற்றது. துருவப் பகுதிகளில் குறைந்த ஆற்றலுடைய துகளும் காந்தக்கோடுகளின் வழியே இறங்கிவிடும். காந்த நிலநடுக்கோட்டுக்கு அருகில் அப்படியன்று. மிகுந்த ஆற்றலுடைய துகளே காந்தப்புலத்தைக் கிழித்துக்கொண்டு செங்குத்தாக இறங்க முடியும். புவியின் காந்த மையம் புவியின் நடுவிலிருந்து சற்று விலகியிருப்பதால், அந்தத் தடை உலகிலேயே மிக உயரமாக இருப்பது இந்தியாவையும் தென்கிழக்காசியாவையும் உள்ளடக்கிய பகுதியில்தான். பெங்களூரில் அது ஏறத்தாழ 1,700 கோடி எலக்ட்ரான் வோல்ட். அக்காலத்தில் எந்த ஆய்வகத்திலும் உருவாக்க முடியாத ஆற்றல் அது. அண்டக்கதிர்களை ஆற்றல்வாரியாகச் சலித்தெடுக்க இயற்கையே வைத்த சல்லடையின் மிகக் கடுமையான கண்ணி இங்கே இருந்தது.

1939-இன் இறுதியில் மில்லிகன், விக்டர் நெஹர், வில்லியம் பிக்கரிங் ஆகியோர் கலிபோர்னியாவிலிருந்து இந்தியாவுக்கு வந்தனர். ஐரோப்பாவில் போர் தொடங்கியிருந்தது. பெங்களூர், ஆக்ரா, பெஷாவர் ஆகிய இடங்களிலிருந்து அவர்கள் பலூன்களைப் பறக்கவிட்டனர். நெஹரின் மின்காட்டிகள், உயரே காற்று எவ்வளவு அயனியாகிறது என்பதைப் பதிவுசெய்தன. பிக்கரிங்கின் கைகர் எண்ணிகள், துகள்களின் எண்ணிக்கையை வானொலி வழியாகத் தரைக்கு அனுப்பின. மில்லிகன் சோதிக்க விரும்பியது ஒரு துணிச்சலான கருதுகோள். விண்வெளியில் ஹீலியம், கார்பன், நைட்ரஜன், ஆக்சிஜன், சிலிக்கன் ஆகிய ஐந்து தனிமங்களின் அணுக்கள் முழுமையாக அழிந்து, அவற்றின் நிறை அனைத்தும் கதிர்களின் ஆற்றலாகிறது என்றார் அவர். அது உண்மையானால் கதிர்களின் ஆற்றல் ஐந்து குறிப்பிட்ட அளவுகளிலேயே இருக்க வேண்டும். சிலிக்கனுக்கு அது சுமார் 1,300 கோடி எலக்ட்ரான் வோல்ட். பெங்களூரின் தடையைத் தாண்ட அது போதாது. தெற்கிலிருந்து வடக்கே செல்லும்போது தடை தாழ்ந்துகொண்டே வரும். ஒரு கட்டத்தில் சிலிக்கன் கதிர்கள் திடீரென நுழையும். பின்னர் வெகுதூரம் மாற்றமிராது. அதாவது அளவீடுகளின் கோடு சரிவாக இராமல், படிக்கட்டாக இருக்க வேண்டும்.

1942-இல் வெளியான கட்டுரையில், இந்திய அளவீடுகள் தம் கருதுகோளுக்கு ஆதரவாக இருப்பதாக அவர்கள் எழுதினர். ஆனால் முந்தைய ஆண்டே சிகாகோவில் ஷைன் குழுவினர், வெளியிலிருந்து வரும் துகள்களுள் பெரும்பாலானவை புரோட்டான்களே எனக் காட்டியிருந்தனர். 1948-இல் உயரப் பறந்த பலூன்களின் ஒளிப்படத் தகடுகளில் கனமான அணுக்கருக்களின் தடங்களும் கிடைத்தன. ஆற்றல் தொடர்ச்சியாகவே பரவியிருந்தது, படிக்கட்டு இல்லை. மில்லிகனின் கருதுகோளை இன்று வரலாற்றாசிரியர்களைத் தவிர எவரும் நினைப்பதில்லை. ஆயினும் அக்கருதுகோள் தவறானது என்பதனால் பெங்களூர் வானில் எண்ணப்பட்ட அயனிகள் இல்லாமற்போய்விடவில்லை. காந்த நிலநடுக்கோட்டருகே உயரவாரியாக எடுக்கப்பட்ட அளவீடுகளாக அவை எஞ்சின. அன்று பலூன் பறக்கவிட்ட பிக்கரிங், 1958-இல் அமெரிக்காவின் முதல் செயற்கைக்கோளான எக்ஸ்ப்ளோரர் 1-ஐ உருவாக்கிய ஜெட் உந்துவிசை ஆய்வகத்தின் இயக்குநராக இருந்தார். அச்செயற்கைக்கோள் சுமந்து சென்ற கருவியும் ஒரு கைகர் எண்ணியே.

அதே போரினால் பெங்களூருக்கு வந்து சேர்ந்தவர்கள் இன்னும் இருவர். கேம்பிரிட்ஜிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த ஹோமி பாபா, 1939 செப்டம்பரில் போர் மூண்டதும் திரும்ப முடியாமற்போய், இந்திய அறிவியல் கழகத்தில் சேர்ந்தார். இயற்பியல் துறையின் தலைவர் சி.வி. இராமன். டாட்டா அறக்கட்டளையின் நிதியுதவியுடன் பாபாவின் தலைமையில் அண்டக்கதிர் ஆய்வுப் பிரிவு உருவாயிற்று. 1940-இல் கேம்பிரிட்ஜ் படிப்பை முடித்துத் திரும்பிய விக்ரம் சாராபாயும், அங்கு மேற்படிப்பைத் தொடரப் போர் இடங்கொடாததால், இராமனிடம் வந்து சேர்ந்தார்.

பாபா பெங்களூர் வருவதற்குச் சில மாதங்களுக்கு முன் நடந்த ஒரு சிறு நிகழ்ச்சி, இயற்பியல் வரலாற்றில் அடிக்குறிப்பாகவும் சொல்வரலாற்றில் முக்கியச் செய்தியாகவும் அமைவது. அண்டக்கதிர்களில் எலக்ட்ரானைவிடக் கனமான, புரோட்டானைவிட இலேசான ஒரு துகளைக் கார்ல் ஆண்டர்சனும் நெடர்மேயரும் கண்டறிந்தனர். அதற்கு 'மெசோட்டான்' என்று பெயரிட்டு நேச்சர் இதழுக்கு எழுதினர். வெளியூர் சென்றிருந்த மில்லிகன் திரும்பி வந்து, அதில் ஓர் 'ர' வேண்டும் என்றார். எலக்ட்ரான், நியூட்ரான் என்று இருக்கும்போது இதுவும் 'மெசோட்ரான்' ஆக வேண்டும் என்பது அவர் வாதம். புரோட்டான் என்ற சொல்லில் 'ட்ர' இல்லையே என்று ஆண்டர்சன் சுட்டிக்காட்டியும் பயனில்லை. அந்த 'ர' தந்தி வழியாக இதழுக்கு அனுப்பப்பட்டது. 1939-இல் பாபா நேச்சர் இதழில் இதைத் திருத்தினார். எலக்ட்ரானிலுள்ள 'ட்ர', அம்பரைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லின் பகுதி. நியூட்ரானிலுள்ளது 'நியூட்ர' என்ற வேரின் பகுதி. 'நடு' என்று பொருள்படும் 'மெசோ'வில் அதற்கு இடமில்லை. ஆகவே 'மெசான்' என்பதே பொருந்தும் என்றார். உலகம் பாபாவின் இலக்கணத்தை ஏற்றது.

எஞ்சி நிற்கும் '-ஆன்' என்ற ஈற்றுக்கும் ஒரு கதை உண்டு. 1891-இல் ஸ்டோனி 'எலக்ட்ரான்' என்ற சொல்லைப் படைத்தபோது அவருக்கு முன்னிருந்த மாதிரி ஹியூவெலின் 'அயன்' என்பது சொற்பிறப்பியல் அகராதிகளின் கருத்து. பின்னர் வந்த துகள்களுள் பலவும் அவ்வீற்றையே பெற்றன. 'போவது' என்ற வினையெச்சத்தின் வால், பொருள் தேய்ந்து, 'துகள்' என்பதற்கான அடையாளமாக மாறிவிட்டது. இலக்கண உருபாக்கம் என்று மொழியியலார் அழைக்கும் நிகழ்வுக்கு ஓர் ஆய்வகம் எடுத்துக்காட்டு தருவது அரிது.

பெங்களூரில் சாராபாய் எடுத்துக்கொண்ட வினா எளிமையானது: ஓரிடத்தில் அண்டக்கதிர்களின் எண்ணிக்கை நேரத்துக்கு நேரம் எவ்வாறு மாறுகிறது? கைகர் எண்ணி என்பது அடிப்படையில் ஓர் அயனிப் பொறி. மெல்லிய வாயு நிரம்பிய குழாய்க்குள் ஒரு துகள் பாயும்போது சில அயனி இணைகள் உண்டாகும். உயர் மின்னழுத்தம் அவற்றை விரைவுபடுத்த, அவை மேலும் பல அயனிகளை உண்டாக்கி, எண்ணக்கூடிய ஒரு மின்துடிப்பாகப் பெருகும். அத்துடிப்புகளைத் தொடர்ந்து எண்ணி எழுதிய சாராபாயின் முதல் கட்டுரை, 1942-இல் இராமன் நிறுவிய இந்திய அறிவியல் அகாதெமியின் ஏட்டில் வெளியாயிற்று. 1943-இல் காஷ்மீர் மலைகளிலும் அவர் அளந்தார். 1947-இல் கேம்பிரிட்ஜ் அவருக்கு முனைவர் பட்டம் அளித்தது. வெப்பமண்டல அகலாங்குகளில் அண்டக்கதிர்கள் என்பதே ஆய்வேட்டின் பொருள்.

பாபாவின் குழுவினர் உயரத்தை நாடினர். 1940 டிசம்பரில் தொடங்கப்பட்ட பெங்களூரின் இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலை, போரின் பிற்பகுதியில் அமெரிக்க விமானப் படையின் பழுதுபார்க்கும் தளமாக இயங்கியது. அப்படையின் விமானத்தில் கருவிகளை ஏற்றி, 30,000 அடி உயரம் வரை மெசான்களை எண்ணினர். வட அமெரிக்காவில் எடுக்கப்பட்ட அளவீடுகளுடன் ஒப்பிடத்தக்க தென்புலத் தரவு இவ்வாறு கிடைத்தது. போர்க்கால விமானமும், போரினால் தடைபட்ட அறிஞரும், போரைப் பொருட்படுத்தாத காந்தப்புலமும் சேர்ந்து விளைவித்தது அது. 1945 ஜூனில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சிக் கழகம் பெங்களூரில், இந்த ஆய்வுப் பிரிவின் கூரைக்குக் கீழேதான் தொடங்கிற்று; அவ்வாண்டின் இறுதிக்குள் பம்பாய்க்கு இடம்பெயர்ந்தது.

பாபா பெயர் திருத்திய துகளின் பின்கதை விநோதமானது. 1947-இல் பவலின் குழுவினர் அண்டக்கதிர்களில் மற்றொரு துகளைக் கண்டனர். அணுக்கருவைப் பிணைக்கும் துகளாக யுக்காவா முன்னுரைத்தது அதுவே. ஆண்டர்சன் கண்டது அன்று. இன்று 'மெசான்' என்ற பெயர் புதியவற்றுக்குச் சென்றுவிட்டது. பழைய துகள் மியூயான் எனப்படுகிறது; அது மெசான் வகையிலேயே சேராது. 'நடுவிலிருப்பது' என்ற பொருள் பொதிந்த பெயர், பொருள் மாறியதும் உரியவரை விட்டு நகர்ந்தது.

அந்த மியூயானைத் தேடி ஆய்வாளர்கள் அடுத்து மேலே செல்லவில்லை, கீழே சென்றனர். பெங்களூரிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கோலார் தங்கவயலில், 1950-களின் தொடக்கத்தில் பி.வி. ஸ்ரீகண்டன், பாபாவின் தூண்டுதலால், வெவ்வேறு ஆழங்களில் மியூயான்களை எண்ணத் தொடங்கினார். ஆழம் கூடக்கூட எண்ணிக்கை குறைந்து, இறுதியில் ஏறத்தாழ ஏதும் வாராத அமைதி கிடைத்தது. அந்த அமைதியில்தான் 1965-இல், சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் சுமார் 2,300 மீட்டர் ஆழத்தில், வளிமண்டலத்தில் பிறந்த நியூட்ரினோவின் அடையாளம் கிடைத்தது. இந்திய, ஜப்பானிய, ஆங்கிலேய ஆய்வாளர்களின் கட்டுரை அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தின் நடுவில் வெளியாயிற்று. தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கமொன்றில் அதே தேடலில் ஈடுபட்டிருந்த ரைனஸ் குழுவினரின் கட்டுரை அதே மாதத்தின் இறுதியில் வந்தது.

அந்த ஆழத்தைத் தோண்டியவர்கள் யார் என்பதும் இவ்வரலாற்றைச் சேர்ந்ததே. கோலார் தங்கவயலின் தொழிலாளருள் பெரும்பான்மையோர் வட ஆற்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து தலைமுறை தலைமுறையாக வந்த தமிழர். அவர்களுள் மிகப்பலர் ஒடுக்கப்பட்ட சாதியினர். பாறை வெடிப்பையும் வெப்பத்தையும் நுரையீரலை அரிக்கும் சிலிக்கா தூசியையும் தாங்கி, தங்கத்துக்காக அவர்கள் இறக்கிய சுரங்கமே இயற்பியலுக்கு ஆய்வகமாயிற்று. கட்டுரையின் தலைப்புக்குக் கீழே ஆய்வாளர் பெயர்கள் வரிசையாக நிற்கும். ஆழத்தைக் குறிக்கும் எண்ணுக்குப் பின்னால் நிற்பவர்களுக்குப் பெயரில்லை. 2001 பிப்ரவரியில் சுரங்கங்கள் மூடப்பட்டன.

சாராபாயின் வழி மீண்டும் காந்த நிலநடுக்கோட்டுக்கே திரும்பியது. புவிக்கு மேலே, சுமார் 100 கிலோமீட்டர் உயரத்தில், ஞாயிற்றின் கதிர்களால் அயனியாகிய காற்றில், காந்த நிலநடுக்கோட்டை ஒட்டி ஒரு வலிமையான மின்னோட்டம் பகலில் பாய்கிறது. அதை ராக்கெட்டால் துளைத்து அளப்பதற்கு ஏற்ற இடம் திருவனந்தபுரத்தை அடுத்த தும்பா. 1963 நவம்பர் 21 அன்று அங்கிருந்து முதல் ராக்கெட் பறந்தது. இந்திய விண்வெளித் திட்டத்தின் தொடக்கம் என்று கொண்டாடப்படும் அந்நாளின் பின்னால், பெங்களூரில் அயனித் துடிப்புகளை எண்ணிய இளைஞர் ஒருவரின் இருபதாண்டுத் தொடர்ச்சி இருக்கிறது.

இவ்வரலாறு முழுவதிலும் ஒரு வேறுபாடு திரும்பத் திரும்பக் காணப்படுகிறது. ஃபாரடே, கோஷ், மில்லிகன் ஆகிய மூவரின் விளக்கங்களும் கைவிடப்பட்டன. எதையும் உறுதியாகக் கூறாத 'அயன்' என்ற சொல்லோ கரைசலிலிருந்து காற்றுக்கும், காற்றிலிருந்து விண்ணுக்கும் இடறாமல் நடந்து சென்றது. கலைச்சொல் ஆக்குவோருக்கு இதில் நேரடியான பாடம் ஒன்று உண்டு. அது தமிழ் மாணவரைத் தொடுவது.

தமிழ்நாட்டு வழக்கில் ஆனோடு 'நேர்மின்வாய்' என்றும், கேத்தோடு 'எதிர்மின்வாய்' என்றும் பெயர்பெற்றன. இவை தெளிவான தமிழ்ச் சொற்கள். மின்னாற்பகுப்பில் இவை சரியாகவும் பொருந்தும். ஆனால் மின்கலத்தில், அதாவது வேதிவினையே மின்சாரம் தரும் அமைப்பில், ஆனோடு எதிர்மின் தன்மை உடையது. அங்கே 'நேர்மின்வாயின் குறி எதிர்மறை' என்று எழுத நேர்கிறது. மாணவர் தடுமாறுவது வேதியியலில் அன்று; சொல்லில். எந்தப் பொறியில் சிக்கலாகாது என்று ஃபாரடே ஹியூவெலுக்குக் கடிதம் எழுதினாரோ, அந்தப் பொறிக்குள்ளேயே மொழிபெயர்ப்பு கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறது. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் வேறு வழியில் சென்றன. அனோட்டு, கதோட்டு, அன்னயன், கற்றயன், அயன் என்று ஒலியைத் தமிழ் எழுத்திலக்கணத்துக்கு இசைவித்து எடுத்துக்கொண்டன. அவை முதற்பார்வைக்குப் பொருள் தருவதில்லை. ஆனால் எந்தக் கலத்திலும் பொய் சொல்வதுமில்லை.

இதனால் ஒலிபெயர்ப்பே எப்போதும் சிறந்தது என்று முடிவுகட்ட வேண்டியதில்லை. 'அண்டக்கதிர்' போன்ற ஆக்கங்கள் பொருளையும் உண்மையையும் ஒருங்கே தாங்குகின்றன. வேண்டுவது, ஒரு சொல்லை மொழிபெயர்ப்பதற்கு முன் அச்சொல் எதைச் சொல்லாமல் விட்டிருக்கிறது என்று பார்ப்பதே. ஆனோடு என்ற சொல் 'மின்னோட்டம் நுழையும் பக்கம்' என்பதைச் சொல்கிறது, நேர்க்குறியைச் சொல்லவில்லை. 'நேர்மின்வாய்' அதைக் கூட்டிச் சொல்லிவிட்டது.

அயனத்துக்கும் அயனிக்கும் உள்ள உறவையும் இதே கண்ணோடு காண்பது நல்லது. அவ்வொற்றுமையை முன்னோரின் மின்வேதியியல் அறிவுக்குச் சான்றாக்குவது, சொல் கூறாததைக் கூட்டிச் சொல்வதாகும். சான்று காட்டுவது அதனினும் எளியது: வெகு தொலைவில் பிரிந்த இரு மொழிகள், செல்லுதலைக் குறிக்கும் ஒரே வேரைக் காத்து வைத்திருந்தன, ஒன்று ஞாயிற்றின் செலவுக்கு அதைப் பயன்படுத்திற்று, மற்றொன்றிலிருந்து எடுத்து, ஹியூவெல் கரைசலில் செல்லும் பொருளுக்குப் பெயரிட்டார், இரண்டும் இன்று தமிழில் ஒரே அகராதிப் பக்கத்தில் வந்து தங்கியுள்ளன. கடல் மட்டத்தில் ஒவ்வொரு கன சென்டிமீட்டர் காற்றிலும் நொடிக்கு ஏறத்தாழ இரண்டு அயனி இணைகளை அண்டக்கதிர்கள் உண்டாக்கிக்கொண்டே இருக்கின்றன. அவற்றுக்கு 'போவது' என்ற பெயர், ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளாக, எந்தத் திருத்தமும் இன்றிப் பொருந்தி வருகிறது.